மாற்றம் கொடுப்பவரே வெல்வர்

வில்லால் வெல்வதினும் சொல்லால் வெல்வது அரிது. வில்லுக்கு இலக்கு ஒன்றே. சொல்லுக்கோ இலக்கு இரண்டு. எதிரே நிற்பவர் ஓர் இலக்கு. சுற்றி அமர்ந்திருக்கும் அவை மற்றோர் இலக்கு. எதிரியைத் தாக்கி அவையை இழந்தவர் தோற்றார். அவையை மகிழ்வித்து எதிரியைத் தொடாது விட்டவரும் தோற்றார். ஒரே சொல்லால் எதிரியின் வாயை அடைத்து, அவையின் வாயைத் திறக்கச் செய்தவர் எவரோ, அவரே வென்றார்! பழந்தமிழர் நன்கறிந்திருந்த இவ்வுண்மையை, இன்று உலகெங்கும் இளைஞர் நடத்தும் பாட்டுப்போர் மீண்டும் மெய்ப்பித்து வருகின்றது.

தாளத்தின்மேல் சொற்களை விரைந்து அடுக்கிக் கூறும் இசைமுறையை ஆங்கிலர் 'இராப்' என்பர். தமிழில் அதற்குச் சொல்லிசை என்னும் நற்பெயர் வழங்குகின்றது. அதில் இருவர் எதிரெதிரே நின்று, குறித்த மணித்துளிகளுக்குள், ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லால் மடக்கிக்கொள்வதே சொல்லிசைப் போர். அதனைக் காணும் தமிழன்பர் சிலர், "இஃது அமெரிக்கத் தெருக்களிற் பிறந்த ஆரவாரம், தமிழர்க்கு இதனால் ஆவதென்?" என்று முகஞ்சுளிப்பர். இசைமுறை அங்குப் பிறந்தது மெய்யே. 1973 ஆகத்துத் திங்களில் நியூயார்க்கு நகரின் பிராங்கசுப் பகுதியில் கூல் எர்க்கு என்னும் இசைத்தட்டுக் கலைஞர் நடத்திய ஒரு கொண்டாட்டத்தையே அதன் பிறந்தநாளாக அங்குள்ளோர் போற்றுகின்றனர். ஆனால் இருவர் ஓர் அவைமுன் நின்று, எழுதி வையாத சொல்லால் ஒருவரையொருவர் மடக்குவது தமிழர்க்கு எந்நாளில் புதிதாயிற்று? அதனை அறிய அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. எழுமலைப் பக்கம் சென்றாற் போதும்.

எழுமலைப் பக்கத்து இரவு மேடை

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே அமைந்த பேரூர் எழுமலை. அதனைச் சூழ்ந்த மதுரைச் சீமையின் சிற்றூர்களில் கோயில் விழா என்றால், விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடப்பது நெடுநாள் வழக்கம். அந்நாடகத்தின் அமைப்பே வியத்தற்குரியது. நடிகர்கள் ஒரு குழுவினர் அல்லர். வள்ளியாக வருபவர் ஓர் ஊரினர். நாரதராக வருபவர் வேறோர் ஊரினர். ஆர்மோனியப் பெட்டிக்காரர் மற்றோர் ஊரினர். ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பெற்று, அன்றிரவுதான் ஒரே மேடையில் கூடுவர். ஒத்திகை கிடையாது. பாடல்களுக்கும் கதைக்கும் அடிப்படையிட்டவர் சங்கரதாசு அடிகளார் (1867–1922). மதுரையில் 1918இல் சிறுவர் நாடகக் குழுவை நிறுவி, ஒரு தலைமுறை நடிகர்களை உருவாக்கிய பேராசான் அவர். அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழும்பும் சுவர் அவ்வந்நாள் நடிகர்களின் நாவன்மையே.

அவ்வன்மை முழுதும் வெளிப்படும் இடம், தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் அங்கு வந்துசேரும் நாரதருக்கும் நிகழும் சொற்போர். 'தருக்கம்' என்று ஊரார் அதனை வழங்குவர். நள்ளிரவைக் கடந்தும் முதியோர் உறங்காமல் அமர்ந்திருப்பது அதற்காகவே. முருகனை மணக்க இசையுமாறு நாரதர் தூண்டுவார், வள்ளி மறுப்பாள். அம்மறுப்பிலிருந்து வினாக்கள் கிளைக்கும். ஆண் உயர்வா பெண் உயர்வா, இல்லறம் பெரிதா துறவறம் பெரிதா என்று சொற்போர் கதையை விட்டு வெளியேறி, ஊரின் வாழ்க்கைக்குள் நுழைந்து, மீண்டும் கதைக்குள் வந்து சேரும். முன்கூட்டி எழுதி வைத்த விடை அங்கு உதவாது; எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்பது எவர்க்குத் தெரியும்? குறவர் குடிப்பெண் ஒருத்தி, மூவுலகும் சுற்றும் முனிவரை ஊர் நடுவே நிறுத்தி மடக்குகின்றாள். பெண்கள் அவையில் வாய்திறப்பதையே பொறாத ஊர்களிலும், அவ்வோர் இரவில் அவள் விடைக்கு ஆண்கள் கைதட்டுவர். சொல்லின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தஞ்சைப் பக்கத்தில் மராட்டியர் ஆட்சியை ஒட்டி வேரூன்றிய இலாவணியிலும், காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியார் பாட்டாலேயே மோதுவர். வயற்காட்டின் எசப்பாட்டும் அத்தகையதே. ஒருவர் பாட, மற்றவர் அதற்கு எதிர் பாடுவார். ஆகவே களம் தமிழர்க்குப் பழையது. தாளக்கட்டு மட்டுமே புதியது என்க.

வெற்றியின் இலக்கணம்

இக்களத்தில் வெற்றி எதனால் விளைகின்றது? குரலாலா? விரைவாலா? வசையாலா? மூன்றும் துணையே ஆகலாம், முதன்மை ஆகா. வெல்வது மறுமொழி. இன்று வேறுபாடு என்னும் பொருளில் மட்டும் வழங்கும் 'மாற்றம்' என்னும் சொல், பழந்தமிழில் மறுமொழியையும் குறித்தது. அவை அஞ்சாமை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கல்விக்கு ஒரு பயன் கூறுகின்றார்: அவையில் அஞ்சாது மாற்றம் கொடுத்தற்பொருட்டு, சொல்லிலக்கணத்தோடு அளவை நூலும் கற்கவேண்டும் என்பது அவர் கருத்து. கற்பது ஒப்பிப்பதற்கன்று, மறுமொழி கொடுப்பதற்கு!

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே வினாவும் விடையும் ஒன்றையொன்று வழுவாது இயையவேண்டும் என்கின்றார். விடையைச் 'செப்பு' என்பது அவர் வழக்கு. வினாவுக்கு எதிராக ஒரு வினாவே வந்தாலும், அதுவும் செப்பே ஆகும் என்றும் அவர் வகுத்தார். பாட்டுப்போரின் இலக்கணம் இவ்விரு விதிகளுள் அடங்கிவிடும். நாரதர் ஒரு பொறி வைத்துக் கேட்கும்போது வள்ளிக்கு வழிகள் மூன்று. நேர்விடை கூறலாம், எதிர்வினா தொடுக்கலாம், அவர் சொல்லையே எடுத்து அவர் மேல் திருப்பலாம். மூன்றனுள் எதனைச் செய்யினும், முதலில் அவர் கூற்றைச் செவிமடுத்திருக்க வேண்டும். மாறாக, வீட்டில் உருப்போட்டு வந்த அழகிய பாட்டு ஒன்றை இடம் நோக்காது பாடினால் என்னாகும்? பாட்டு நன்றாகவே இருக்கும். அவையும் ஒரு கணம் தலையசைக்கும். ஆனால் நாரதரின் வினா அசையாமல் நடுமேடையில் நின்றுகொண்டே இருக்கும். வினாவை அகற்றாதவர் வெல்லவில்லை என்பதை முன்வரிசை முதியவர் அறிவார்.

அமெரிக்கக் களமும் இதனையே பட்டறிந்து கற்றது. 1981 திசம்பரில் நியூயார்க்கின் ஆர்லெம் பகுதி அரங்கொன்றில் பிசி பீ என்பாரும் கூல் மோ டீ என்பாரும் மோதினர். பிசி பீ அவையைத் தம்மோடு சேர்ந்து கூவச் செய்வதில் கைதேர்ந்தவர். அதுநாள்வரை சொல்லிசைப் போர் என்பது பெரிதும் அவ்வளவே. கூட்டத்தை எவர் மிகுதியாகக் கூவச் செய்கின்றாரோ அவர் வென்றார். அடுத்து வந்த கூல் மோ டீ, கூட்டத்தை நோக்காது பிசி பீயையே நோக்கினார். அவர் பெயர், அவர் பாடும் முறை, அவர் அடித்துக்கொண்ட தற்பெருமை ஆகிய ஒவ்வொன்றையும் எடுத்து, நெருங்கிய எதுகைகளால் அடுக்கடுக்காக மறுத்தார். அவ்விரவின் ஒலிப்பதிவு நாடாக்களில் கைமாறிக் கைமாறிப் பரவியது. அன்றுதொட்டு, எதிரியின் கூற்றைத் தொடாத பாட்டு போரே ஆகாது என்னும் நிலை அங்கு உருவாயிற்று. தொல்காப்பியர் நூலில் வைத்ததை ஆர்லெம் மேடையில் கண்டது!

தமிழின் படைக்கலன்கள்

ஆங்கிலச் சொல்லிசையைப் பார்த்துப் பாடும் தமிழிளைஞர் பலர் தோற்பதற்கு ஒரு நுண்ணிய கரணியம் உண்டு. ஆங்கிலப் பாட்டில் ஓசை இயைபு பெரிதும் அடியின் இறுதியில் நிற்கும். ஆங்கிலத் தொடரின் இறுதிச் சொல் எதுவாகவும் இருக்கலாமாகலின், அவ்விறுதிகளை ஒலியால் ஒன்றச் செய்வது அரிய செயல். ஆகவே அவை வியந்து கைதட்டும். தமிழிலோ தொடர் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். வினைமுற்றின் ஈறு எழுவாய்க்கு ஏற்பத் தானே அமைந்துவிடும். 'வந்தேன், நின்றேன், வென்றேன்' என்று சிறு பிள்ளையும் அடுக்கலாம். உழைக்காமல் கிடைத்த இயைபுக்கு எவர் கைதட்டுவார்?

தமிழ்ப் பாவலர் இதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டனர். அதனாலன்றோ அவர்கள் ஓசையின் ஆற்றலை அடியின் தலையில் வைத்தனர்! முதலெழுத்து ஒன்றுவது மோனை; இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை. அடியின் தலையில் நிற்கும் எதுகைக்குச் சொல்லைத் தேடியே ஆகவேண்டும். இலக்கணம் அதனை இலவயமாகத் தாராது. எதிரியின் முதற்சொல்லுக்கு எதுகையாகத் தன் அடி தொடங்கினால், பொருள் விளங்குமுன்னரே 'விடை வந்துவிட்டது' என்று அவையின் செவி அறிந்துகொள்ளும்.

எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைக் கருதுக. ஒருவர் இவ்வாறு தொடங்குகின்றார் என்று வைத்துக்கொள்ளலாம்:

"எழுமலை போல எதிர்நிற் கின்றேன்;
ஏறிட வல்லார் எவரிங் குளரோ?"

மற்றவர், "எருமைபோல் நிற்கின்றாய்" என்று தொடங்கி ஏசினால், சிலர் சிரிப்பர். ஆனால் 'ஏறிட வல்லார் எவர்?' என்னும் வினா அப்படியே நிற்கும். அவ்வாறன்றி,

"எழுமலை என்றாய்; ஏறிப் பார்த்தேன்;
விழுமழை தேக்க ஒருமரம் இல்லை!"

என்று மறுத்தால்? எதிரியின் உவமை மறுக்கப்படவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் விடுத்த அறைகூவலும் 'ஏறிப் பார்த்தேன்' என்னும் இரு சொற்களால் முடிந்தது. எழுமலைக்கு விழுமழை எதுகையாயிற்று. உயரம் உண்டு, பயன் இல்லை என்னும் பொருள் மிஞ்சியது. எதிரியின் உடலையோ பிறப்பையோ தொடும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எனினும் அதன்பின் அவர் பேசுவது கடினம். எழுமலை என்னும் பெயரையே இருவகையாகப் பிரிக்கலாம். 'எழு' என்பதை எண்ணாகக் கொண்டால் ஏழு மலை. வினையாகக் கொண்டால் எழுகின்ற மலை. இரட்டுற மொழிதலுக்கு ஊர்ப்பெயரே இடந்தரும் மொழி இது! காளமேகம் போன்ற பாவலர் பெயர் பெற்றதும் இவ்வாற்றலாலேயே.

"தூய தமிழில் சொல்லிசைக்கு வேண்டிய விரைவு வாராது" என்பார் கூற்று அறியாமையின்பாற்பட்டது. செய்யுளியலில் தொல்காப்பியர் 20 வண்ணங்களை எண்ணுகின்றார். உருண்டோடும் ஓசைக்கு உருட்டு வண்ணம். ஓட்டம் மிக்க ஓசைக்கு முடுகு வண்ணம். குற்றெழுத்து நிறைந்து துள்ளுவதற்குக் குறுஞ்சீர் வண்ணம் என்று வகையும் பெயரும் இட்டு வைத்துள்ளார். விரைவு தமிழில் இல்லை என்பவர் தமிழைத் தேடவில்லை என்பதே பொருள்.

காதறுக்காத வெற்றி

இனி, தோல்வியின் பெருவாயில் ஒன்றுண்டு. அது பிறப்பைச் சுட்டும் வசை. சொல் கிடைக்காதவர் முதலில் எடுக்கும் கருவி எதிரியின் குடிப்பிறப்பு. அடுத்து அவர் தாயும் தமக்கையும். அதற்கடுத்து அவர் நிறமும் உடற்குறையும். சிலர் அதனைக் களத்தின் இயல்பு என்று முட்டுக்கொடுப்பர். வேறெங்கேனும் அது வெறுஞ்சொல்லாகப் போகலாம். எழுமலைப் பக்கத்தில் அது வெறுஞ்சொல் அன்று. எழுமலையை அடுத்த உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர் ஒன்று, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை ஊரின் மறுபகுதியினின்றும் பிரித்து நின்றது. அதன் ஒரு பகுதி 2008 மே 6ஆம் நாள் இடிக்கப்பட்டது. இடிப்பதற்கு முன்னும் பின்னும் அம்மண் பட்ட துயரம் நாடறிந்தது. அத்தகைய மண்ணில் மேடையேறிப் பிறப்பைப் பழிப்பவர் பாட்டுப் பாடவில்லை. இடிந்த சுவருக்குக் கல் சுமக்கின்றார்!

அறம் ஒருபுறம் நிற்க. களத்தின் கணக்கின்படியும் அவ்வசை தோல்வியே. பிறப்பு எதிரியின் கூற்று அன்று. ஆதலால் அதனைப் பழிப்பது மறுமொழியும் அன்று. அவையில் அப்பிறப்பினர் பலர் அமர்ந்திருப்பர். அவர்கள் அக்கணமே எதிரியின் பக்கம் சேர்வர். 'சொல்லில்லாதவன் கல்லெடுத்தான்' என்று நடுநிலையாளரும் முகந்திருப்புவர். ஒரு வசையால் இரு இலக்கும் தவறின.

மணிமேகலையில் விழா அறையும் முரசன், சொல்வன்மை மிக்கோரைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கின்றான். அவ்வழைப்போடு, பகைவரோடாயினும் சினமும் பூசலும் கொள்ளாது விலகுமாறும் அறிவிக்கின்றான். சொற்போர் உண்டு, பகைப்போர் இல்லை. வில்லிபுத்தூராரையும் அருணகிரியாரையும் பற்றிய வழிவழிக் கதையும் இதனையே உணர்த்தும். தம்மிடம் தோற்ற புலவர் காதை அறுப்பது வில்லியார் வழக்கமாம். அருணகிரியார் தகர எழுத்துகளாலேயே அமைந்த ஓர் அந்தாதிப் பாட்டைப் பாட, வில்லியார் பொருள் காண மாட்டாது தோற்றாராம். வென்றவர் காதை அறுத்தாரா? இல்லை, இனிக் காதறுக்கும் வழக்கத்தையே விட்டுவிடுமாறு கேட்டு அமைந்தாராம். கதையோ நிகழ்ச்சியோ, தமிழர் அதனைத் தலைமுறைதோறும் சொல்லிவந்தது எதற்காக? வெற்றியின் அளவு எதிரி குருதி சிந்துவதில் இல்லை என்பதற்காகவே.

நடுவரும் மொழியும்

களத்தில் வென்றும் நடுவரால் தோற்பதுண்டு. 1985இல் நியூயார்க்கில் நடந்த பெரும்போட்டி ஒன்றின் இறுதிச் சுற்றில், பதினாறு அகவையும் நிரம்பாத உரோக்சான் சாண்டே என்னும் பெண், முன்னர்க் கூறிய பிசி பீயிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். நடுவருள் ஒருவர் இட்ட மிகக் குறைந்த மதிப்பெண்ணே அவரை வீழ்த்தியது என்றும், அவர் பெண் என்பதே அதற்குக் கரணியம் என்றும் இன்றளவும் பேசப்படுகின்றது. கோல் கோணினால் பாட்டு என்ன செய்யும்? வள்ளி மேடையில் ஊர் முழுவதுமே நடுவர். அங்கு ஒருவரின் ஓரவஞ்சம் செல்லாது.

ஊர் நடுவராக அமர வேண்டுமாயின், ஊருக்குப் புரியும் மொழியில் பாட்டு அமைய வேண்டும். தூய தமிழின் தேவை இங்குதான் வெறும் கொள்கையாக நில்லாமல் வெற்றிக்கு வழியாகவும் ஆகின்றது. ஆங்கிலச் சொல் வந்துவிழும் இடமெல்லாம் பாட்டியும் உழவரும் அவையினின்றும் கழன்றுவிடுவர். கழன்றவர் கைதட்டார். மலேசியத் தமிழராகிய யோகி பியும் நட்சத்திராக் குழுவினரும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பு, சொல்லிசையைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. ஆங்கிலக் கலப்பு அதில் உண்டு; ஆயினும் மக்கள் நாவில் நின்றவை அதன் தமிழடிகளே. 2019இல் 'தெருக்குரல்' வெளியிட்ட அறிவு, பிறப்பால் இழிவு கற்பிப்பதை எதிர்த்தே எழுதி வருபவர். தாழ்த்தும் கருவியாகிய சொல்லை, தாழ்த்தப்பட்டவர் திருப்பிக் கொடுக்கும் மாற்றமாகவும் ஆக்கலாம் என்பதற்கு அவர் சான்று.

செய்யத்தக்கது

பொங்கல் விழாவில் உறியடியும் ஓட்டப்பந்தயமும் நடத்தும் ஊர் மன்றங்கள், பல இடங்களில் இரவு மேடையைத் திரைப்பாட்டு ஆட்டத்துக்கு ஒப்படைத்துவிடுகின்றன. அவ்விரவில் ஒரு நாழிகையைப் பாட்டுப்போருக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? விதிகள் ஐந்து போதும். ஒருவர்க்கு இரண்டு மணித்துளி, சுற்றுகள் மூன்று. இரண்டாம் சுற்று முதல், எதிரி கூறிய சொல் ஒன்றை எடுத்தே பாட்டைத் தொடங்கவேண்டும். பிறப்பு, உடல், எதிரி வீட்டுப் பெண்டிர் ஆகிய மூன்றனுள் ஒன்றைத் தொட்டவர் அச்சுற்றை அப்பொழுதே இழந்தவராவார். அயற்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறைக்கப்படும். நடுவர் மூவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பட்டறிவு மிக்க நாடகக் கலைஞர் ஒருவரும் இருப்பின் மிக நன்று.

மேடையில் எதிரெதிர் நிற்கும் இருவர் தெருவில் எதிரெதிர் நிற்க வேண்டிய தேவை குறையும். எதிரி கூறியதை முழுதும் கேட்டாலன்றி விடை கூற இயலாது என்னும் விதி, கேட்கும் பழக்கத்தைக் கட்டாயமாக்குகின்றது. ஒருவர் சொல்லை மற்றவர் கேட்கத் தொடங்கிய ஊரில் எச்சுவரும் நெடுநாள் நிற்காது.

இளைஞர் மேடையேறுக! எதிரியின் சொல்லைச் செவி கொடுத்துக் கேட்க! தமிழால் மாற்றம் கொடுக்க! வென்றபின் கையைப் பற்றிக்கொண்டு இறங்குக!